நுளம்பு தரும் புழுவும் நுணுக்குக்காட்டிப் பயிற்சியும்

(குறிஞ்சாக்கேணியில் நடைபெற்ற நமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்திலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "ஆண்டு விழாவிலே சமயம் பேசுவார்கள், இலக்கியம் பேசுவார்கள், நீ புழுவைப் பற்றியா பேசப் போகிறாய்?" என்றார். அவர் கேட்டதிலே நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் உடம்பைப் பேணுவதை உயிரைப் பேணுவதாகவே கொண்ட சித்தர்கள் பிறந்த சமயம் நம்முடையது. வாழும் உடம்பிலே புகுந்து அதனை உருக்குலைக்கும் ஒரு பகையைப் பற்றி அறிவதும் சமயப் பணிக்குப் புறம்பானதன்று என்பது என் எண்ணம். மேலும், மன்றத்துப் பெரியோர்கள் என்னை அழைத்தபோது, "நீ படித்ததைச் சொல், படிக்காததைச் சொல்லாதே" என்று கட்டளையிட்டார்கள். அண்மையிலே ஒட்டுண்ணியியல் ஆய்வுகூடம் ஒன்றில் சில வாரங்கள் நான் பெற்ற பயிற்சி, நுளம்பினாற் பரவும் பைலேரியாப் புழுவைப் பற்றியது. ஆகவே அதனையே சொல்லுகிறேன்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கு வகுத்திருக்கிறார். முதலில் நோய் இன்னதென அறிய வேண்டும். அடுத்து அது வந்த காரணத்தைத் தேட வேண்டும். அதன் பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது அதன் கருத்து. அந்த ஒழுங்கிலேயே என் பேச்சையும் அமைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, நோய். யானைக்கால் என்றும் பெருங்கால் என்றும் நம்மவர் வழங்குவது இதுவே. காலோ கையோ மெல்ல மெல்ல வீங்கி, தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகி, யானையின் கால் போலத் தோன்றும். ஆண்களுக்கு விதைப்பையிலே நீர் சேர்ந்து வீக்கம் உண்டாவதும் இந்நோயின் மற்றொரு முகமாகும். இது புதிய நோயன்று. சுசுருத சங்கிதை இதனை ஸ்லீபதம் என்ற பெயரால் விவரிக்கிறது. தேங்கிய பழந்தண்ணீர் மிகுந்து, எந்தப் பருவத்திலும் குளிர்ந்திருக்கும் நாடுகளிலே இது மிகுதியாகக் காணப்படும் என்றும் நம் பண்டை வைத்தியர்கள் கண்டு சொன்னார்கள். நுணுக்குக்காட்டி இல்லாத காலத்திலே, நுளம்பைச் சந்தேகிக்க எவ்விதத் துணையும் இல்லாத காலத்திலே, நோயையும் தேங்கிய நீரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அந்தக் கண்ணை நாம் வியக்காமலிருக்க முடியாது. பிற்காலத்தில் மலையாளக் கரைக்கு வந்த ஐரோப்பியர் இதனைக் கொச்சிக்கால் என்று அழைத்தனர்.

இந்நோய் ஆளை உடனே கொல்வதில்லை. அதனாலேயே இதன் கொடுமை பலருக்குப் புலப்படுவதில்லை. ஆனால் இது ஒருவனுடைய உழைப்பைக் கொல்லும், மானத்தைக் கொல்லும். வீங்கிய காலோடு வயலில் இறங்க முடியாது. தோணியிலே நின்று வலை இழுக்க முடியாது. கால் வீங்கிய பெண்ணுக்குக் கலியாணம் பேச வருபவர் திண்ணையோடு திரும்பிவிடுவர். விதை வீக்கமுடையவன் வெட்கத்தினால் வைத்தியரிடமும் போகான், வீட்டாரிடமும் சொல்லான். உலகத்திலே 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 120 மில்லியன் மக்கள் இப்புழுவைத் தாங்கியிருந்தார்கள் என்றும், அவர்களுள் 40 மில்லியன் பேர் உறுப்புக் கெட்டுத் துன்புற்றார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. நாற்பது மில்லியன் என்பது நம் இலங்கையின் முழுச் சனத்தொகையைப் போல் ஒரு மடங்குக்கு மேற்பட்ட தொகை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்திலே ஒரு பேச்சைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். "அது அவன் பழவினை, அனுபவிக்கட்டும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வினைக் கொள்கையை மறுக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் வினை என்பது பிறன் துன்பத்தைக் கண்டு நாம் கைகட்டி நிற்பதற்குச் சொல்லப்பட்ட சாட்டன்று. பிறனுக்கு நேர்ந்தது அவனுடைய வினையாக இருக்கலாம். அதைக் கண்டு நாம் என்ன செய்கிறோம் என்பது நம்முடைய வினை. யானைக்கால் நோயாளி பாவியுமல்லன், தீண்டத் தகாதவனுமல்லன். அவனைத் தொட்டாலோ, அவனோடு ஒரே பாயிலிருந்து உண்டாலோ இந்நோய் நமக்கு வராது. எப்படி வரும் என்பதையே இனிச் சொல்லப் போகிறேன்.

இரண்டாவது, காரணம். இது வெளிப்பட்ட வரலாறு கதை போலச் சுவையானது. 1863இல் பாரிஸ் நகரிலே டெமார்க்கே என்ற வைத்தியர், விதை வீக்கத்திலிருந்து எடுத்த நீரிலே மிகச் சிறிய புழுக்களைக் கண்டார். 1866இல் பிரேசில் நாட்டிலே வுச்சரர் என்பவர், பால் போன்ற சிறுநீரிலே அவற்றைக் கண்டார். 1872இல் கல்கத்தாவிலே லூயிஸ் என்பவர் மனித இரத்தத்திலேயே அவை நெளிவதைக் கண்டார். 1876இல் அவுஸ்திரேலியாவிலே பிரிஸ்பேன் நகரத்து வைத்தியர் யோசேப் பான்கிறொவ்ற், அச்சிறு புழுக்களைப் பெற்ற தாய்ப் புழுவையே கண்டெடுத்தார். இதனாலேதான் அப்புழுவுக்கு வுச்சரேரியா பான்கிறொவ்றி என்று இருவர் பெயரும் சேர்ந்து அமைந்தது. நான்கு நாட்டிலே நான்கு பேர் நான்கு துண்டுகளைக் கண்டார்கள். ஆனால் ஒரு மனிதனுடைய இரத்தத்திலிருந்து மற்றொருவன் உடம்புக்குள் இது எவ்வாறு போகிறது என்பது மாத்திரம் எவருக்கும் விளங்கவில்லை.

அதற்கு விடை தேடியவர் பற்றிக் மான்சன். சீன நாட்டின் அமோய்த் துறைமுகத்திலே சீனச் சுங்கத் திணைக்களத்துக்காகத் தொழில் செய்த ஒரு ஸ்கொத்லாந்து வைத்தியர். தம்மிடம் வேலை செய்த ஹின் லோ என்ற தோட்டக்காரனுடைய இரத்தத்திலே இப்புழுக்கள் இருப்பதை அவர் அறிந்தார். 1877ஆம் ஆண்டிலே அவனை ஒரு சிறு அறையில் இரவு படுக்கச் செய்து, நுளம்புகள் உள்ளே வந்து அவனைக் கடிக்க விட்டு, பின் கதவை அடைத்துவிட்டார். காலையிலே இரத்தம் குடித்துச் சுவரிலே ஒட்டியிருந்த நுளம்புகளைப் பிடித்து, நாளுக்கு நாள் அறுத்துப் பார்த்தார். அவற்றின் வயிற்றிலே இரத்தத்தோடு சென்ற புழுக்கள் செரித்துப் போகவில்லை. வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு நெஞ்சுத் தசைகளுக்குள் சென்று வளர்ந்திருந்தன. ஒரு பூச்சி மனித நோய்க் கிருமியைத் தன்னுள் வளர்க்கிறது என்று உலகம் கண்ட முதற் காட்சி அதுவே. இருபது ஆண்டுகளின் பின், 1897இல், இதே மான்சனின் தூண்டுதலினால் றொனால்ட் றொஸ் செகந்தராபாத்திலே மலேரியாக் கிருமியை நுளம்பிலே கண்டார். டெங்குவைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றுக்கும் மூல வழி அமோய் நகரத்து அந்தச் சிறு அறையிலிருந்தே புறப்படுகிறது என்றால் மிகையாகாது.

எனினும் மான்சனும் முழு உண்மையைக் காணவில்லை. நுளம்பு சில நாட்களே உயிர் வாழும், அது நீரிலே விழுந்து இறக்கும், அந்நீரைக் குடிப்பதாலேதான் மனிதனுக்குப் புழு தொற்றுகிறது என்று அவர் எண்ணினார். யோசேப் பான்கிறொவ்றின் மைந்தர் தோமஸ் பான்கிறொவ்ற், நுளம்புகளுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பல நாட்கள் உயிரோடு வைத்துக் காட்டினார். அவர் பதப்படுத்தி அனுப்பிய நுளம்புகளை இலண்டனிலே மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்த ஜோர்ஜ் லோ, 1900ஆம் ஆண்டில், வளர்ந்த புழு நுளம்பின் வாய்க்குழலுக்குள்ளே வந்து காத்திருப்பதைக் கண்டார். அதே ஆண்டில் இந்தியாவிலே ஜேம்ஸ் என்பவரும் இவ்வுண்மையை அடைந்தார். ஆகவே குடிநீரன்று, கடியே காரணம் என்பது உறுதியாயிற்று. ஒரு வாழைப்பழத் துண்டு ஓர் உலகப் பிழையைத் திருத்த உதவியது, பாருங்கள்!

இனி, புழுவின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். தாய்ப் புழு வெள்ளை நூல் போன்றது; எட்டுப் பத்துச் சென்ரிமீற்றர் நீளம். ஆண் புழு அதிற் பாதி. இவை நம் உடம்பின் நிணநீர்க் குழாய்களிலே குடியிருந்து, பல ஆண்டுகள் வாழ்ந்து, ஆயிரக் கணக்கிலே குஞ்சுப் புழுக்களை ஈனும். ஒரு குஞ்சுப் புழுவின் நீளம் ஒரு மில்லிமீற்றரிற் கால் பங்களவே. இவை இரத்தத்திலே சுற்றித் திரியும். நுளம்பு கடிக்கும்போது அதன் வயிற்றுக்குள் சென்று, பத்து முதல் பதினான்கு நாட்களிலே தொற்றக்கூடிய நிலைக்கு வளரும். மீண்டும் அந்நுளம்பு ஒருவரைக் கடிக்கும்போது தோலின் மேல் இறங்கி, கடித்த துவாரத்தினூடாக உள்ளே நுழையும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மலேரியாக் கிருமி நுளம்பின் உடலிலே பல்லாயிரமாகப் பெருகும். பைலேரியாப் புழுவோ நுளம்பிலே பெருகுவதில்லை. ஒன்று உள்ளே போனால் ஒன்றுதான் வெளியே வரும். ஆகையால் ஒரு கடியிலே நோய் வந்துவிடாது. நீண்ட காலம், பல நூறு கடிகளைத் தாங்கியவர்களுக்கே பெரும்பாலும் இது தொற்றும். நுளம்புக் கடியைச் சகித்துக்கொள்ளப் பழகிய ஊரே இந்நோய்க்கு உகந்த ஊர் என்பது இதனாற் பெறப்படும்.

இன்னொரு புதுமையும் கேளுங்கள். இக்குஞ்சுப் புழுக்கள் பகலிலே நுரையீரலின் இரத்தக் குழாய்களிலே ஒளிந்திருந்து, இரவிலேதான் தோலுக்கு அருகே வருகின்றன. இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரையே அவை மிகுதியாக உலாவும் நேரம். அவற்றைச் சுமக்கும் கியூலெக்ஸ் நுளம்பு கடிப்பதும் இரவிலேதான். 1881இல் இலண்டனிலே மெக்கென்சி என்ற வைத்தியர், இந்நோயுடைய ஒருவரைப் பகலில் உறங்கவும் இரவில் விழித்திருக்கவும் செய்தார். சில நாட்களிலே புழுக்களும் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டு பகலிலே வெளிவரத் தொடங்கின. மனிதனுடைய உறக்கத்தை அறிந்து நடக்கும் பகைவன் இவன். இரவிலே வரும் இவனைப் பகலிலே தேடினால் அகப்படுவானா?

நிற்க. நான் பெற்ற பயிற்சிக்கு வருகிறேன். அது இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று நுளம்பைப் பார்ப்பது. மற்றது இரத்தத்தைப் பார்ப்பது.

நுளம்பைப் பார்க்க முதலில் அதைப் பிடிக்க வேண்டும். அதிகாலையிலே வீடுகளுக்குச் சென்று, இரவு முழுதும் இரத்தம் குடித்துவிட்டு இருண்ட மூலைகளிலும் கொடியிலே தொங்கும் உடுப்புகளிலும் தங்கியிருக்கும் நுளம்புகளை ஒரு கண்ணாடிக் குழாயினால் உறிஞ்சிப் பிடிப்போம். ஆய்வுகூடத்திலே ஆணையும் பெண்ணையும் பிரிப்போம். உணர்கொம்பு இறகு போல அடர்ந்திருந்தால் ஆண். அவன் இரத்தம் குடியாத சைவன். பெண்ணே நமக்கு வேண்டியவள். அவளுடைய சிறகையும் காலையும் நீக்கி, தலை, நெஞ்சு, வயிறு என மூன்று கூறாக்கி, ஒவ்வொன்றையும் கண்ணாடித் தட்டிலே வேறு வேறு உப்புநீர்த் துளியில் வைத்து, இரு மெல்லிய ஊசிகளாற் கிழித்துப் பார்க்க வேண்டும். நெஞ்சிலே தடித்துக் குறுகிய புழு இருந்தால் அது இளம் பருவம். தலைப் பகுதியிலே ஒன்றரை மில்லிமீற்றர் நீளமுள்ள, சுறுசுறுப்பாக நீந்தும் புழு இருந்தால் அதுவே அடுத்த கடியில் மனிதனுக்குள் புகக் காத்திருந்தது. எந்தக் கூறிலே இருந்தது என்பதைக் குறிக்காவிட்டால் கண்டும் பயனில்லை. அதனாலேதான் துளிகள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்று எங்களுக்கு முதல் நாளிலேயே சொல்லித் தந்தார்கள்.

இரத்தத்தைப் பார்ப்பது வேறு விதம். இரவு பத்து மணிக்குப் பின் வீடு வீடாகச் சென்று, விரல் நுனியிலே சிறு ஊசியாற் குத்தி, அறுபது மைக்குறோலீற்றர் இரத்தம் எடுப்பர். அது ஒரு தேக்கரண்டியிலே எண்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் கண்ணாடித் தட்டிலே தடித்த கோடுகளாகப் பூசி உலர விடுவர். மறுநாள் நீரிலே இட்டுச் சிவப்பு நிறத்தைக் கழுவிப் போக்கி, கீம்சாச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் ஓரத்திலிருந்து ஓரம் வரை வரி வரியாகப் பார்க்க வேண்டும். புழு இருந்தால் ஊதா நிறத்திலே, மெல்லிய உறையொன்றுக்குள், வளைந்து கிடக்கும். அதன் உடல் முழுதும் புள்ளி புள்ளியாகக் கருக்கள் தெரியும். வாலைப் பார்க்க வேண்டும். வால் நுனியிலே கருக்கள் இல்லையாயின் அது வுச்சரேரியா. நுனியிலே தனித்தனியாக இரண்டு கருக்கள் இருந்தால் அது புரூகியா மலாயி என்ற வேறு இனம். இரு புள்ளிகளிலே ஓர் ஊரின் நோய் வரலாறே வேறாகிவிடுகிறது.

ஒரு கணக்குச் சொல்லுகிறேன். நம் உடம்பிலே ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம் உண்டு. அறுபது மைக்குறோலீற்றரிலே ஒரு புழு அகப்பட்டால், அந்த அளவிலேயே உடம்பெங்கும் இருக்குமாயின், எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட புழுக்கள் உள்ளன என்பது பொருள். அந்த மனிதனோ யாதொரு நோவுமின்றி நமக்குத் தேநீர் தந்து உபசரிப்பான். புழுவைச் சுமப்போரிற் பெரும்பாலோருக்கு வெளியே ஒரு குறியும் தெரிவதில்லை. அவர்களைக் கண்டுபிடிக்க நுணுக்குக்காட்டியும் அதன் பின்னே ஒரு பொறுமையான கண்ணும் வேண்டும்.

பொறுமை என்று சொன்னேன். முதல் வாரத்திலே நான் பார்த்த நுளம்புகள் இருநூறுக்கு மேல். ஒன்றிலும் புழு இல்லை. தட்டுகளும் அவ்வாறே. "இல்லை, இல்லை" என்று புத்தகத்திலே எழுதிக்கொண்டே போவது இளைஞனுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். அப்போது எங்களைப் பயிற்றியவர் சொன்னது என் மனத்திலே பதிந்துவிட்டது. "பார்த்துவிட்டு இல்லை என்பது ஒரு விடை. பாராமலே இல்லை என்பது ஒரு ஆசை. நாட்டுக்கு வேண்டியது விடை" என்றார் அவர். புழு உள்ளதெனத் தெரிந்த பழைய தட்டுகளை இடையிடையே கலந்து வைத்து, நாங்கள் அவற்றைத் தவறவிடுகிறோமா என்றும் சோதித்தார். ஒருவனுடைய "இல்லை"க்கு மதிப்பு உண்டாவது, "உண்டு" என்று சொல்லவும் அவனுக்குத் தெரிந்திருந்தால் மாத்திரமே.

இவ்வார்த்தையின் பொருளை நம் நாட்டின் வரலாற்றிலே காணலாம். இலங்கையிலே யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் 1947இல் தொடங்கப்பட்டது. இந்நோய்க்கு உதவும் டைஎதில்கார்பமசீன் என்ற மருந்து உலகுக்கு அறிமுகமானதும் அதே ஆண்டிலேதான். அக்காலத்திலே இங்கே இரண்டு இனப் புழுவும் இருந்தன. புரூகியா நாட்டுப்புறங்களிலே, ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரிலே ஒட்டி வளரும் மன்சோனியா நுளம்பினாற் பரவியது. மான்சனுடைய பெயரைச் சுமந்த நுளம்பு அது. செடிகளை அகற்றியும் மருந்து கொடுத்தும் வந்ததன் பயனாக 1960களின் இறுதியளவில் அது மறைந்தது. வுச்சரேரியாவோ மேற்கு, தெற்குக் கரையோரத்திலே, அழுக்கு நீரிலும் தென்னை மட்டை ஊறப்போடும் குழிகளிலும் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பினால் நிலைத்து நின்றது. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, புத்தளம், குருநாகல் என்னும் எட்டு மாவட்டங்களிலே 2002 தொடக்கம் 2006 வரை ஆண்டுதோறும் மக்கள் அனைவருக்கும் அம்மருந்தும் அல்பென்டசோலும் சேர்த்து வழங்கப்பட்டன. அதன் பயனாக 2016ஆம் ஆண்டிலே, மக்கள் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை இலங்கை நீக்கிவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. நாம் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டிய வெற்றி இது.

ஆனால் அச்சான்று, புழு ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. பிரச்சினையாகும் அளவுக்கு இல்லை என்றே சொல்லுகிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காணப்படாதிருந்த புரூகியாப் புழு இந்நூற்றாண்டிலே மீண்டும் மனித இரத்தத்திலே காணப்பட்டது. நாய்களிலும் பூனைகளிலும் அது காணப்பட்டிருக்கிறது. மலேரியா கற்பித்த பாடம் இதனினும் கடுமையானது. 1934–35இல் எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோன அந்நோய், 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரிடம் மாத்திரமே காணப்பட்டது. "தீர்ந்தது" என்று காவல் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது! அதன் பின் நாட்டிலே தொற்றிய கடைசி மலேரியா நோயாளியைக் காண 2012 வரை செல்ல வேண்டியதாயிற்று. பதினேழு என்ற எண் ஐந்து இலட்சமாக ஆறே ஆண்டுகள் போதுமாயிருந்தன. பகைவன் தோற்ற நாளிலன்று, காவலன் உறங்கிய நாளிலேதான் கோட்டை விழுகிறது.

இவற்றுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம் திருகோணமலை மாவட்டம் அந்த எட்டிலே இல்லை, அது நற்செய்தி. ஆனால் நம் மாவட்டம் துறைமுக மாவட்டம். வேலைக்குக் கொழும்புக்கும் காலிக்கும் போகிறவர்களும், அங்கிருந்து இங்கு வருகிறவர்களும் நாள்தோறும் உண்டு. புழுவுக்குப் பயணச் சீட்டு வேண்டியதில்லை. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: குறிஞ்சாக்கேணி, ஆலங்கேணி! கேணியைப் பெயரிலே கொண்ட ஊர்கள் இவை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, நடுவே வயலும் குளமும். நீர் நமக்கு வாழ்வு. தேங்கவிட்டால் அதுவே நுளம்புக்கும் வாழ்வு. 2017ஆம் ஆண்டிலே கிண்ணியாப் பகுதி டெங்குவினாற் பட்ட துயரத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இருக்கும் பல தாய்மார் வைத்தியசாலையிலே கண்விழித்தவர்கள். அந்த ஆண்டிலே நாடெங்கும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர்.

நுளம்பு எல்லாம் ஒன்றல்ல. டெங்குவைத் தரும் ஈடிஸ், கிணற்றிலும் வாளியிலும் ரயரிலும் உள்ள தெளிந்த நீரை விரும்பும். கியூலெக்ஸ் அழுக்குக் குழியையும் மூடாத மலக்குழியையும் விரும்பும். மன்சோனியா செடி படர்ந்த குளத்தை விரும்பும். மலேரியாவைத் தரும் அனோபிலிஸ் ஆற்றுமணலிலே தேங்கிய குட்டையை விரும்பும். நான்கிற்கும் வீடு கொடுக்கக் கூடிய வளவு எது என்று அவரவர் தம் வளவைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தணிக்கும் வழி. பெரியோர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. இரத்தப் பரிசோதனைக்குச் சுகாதார உத்தியோகத்தர் இரவிலே படலையைத் தட்டினால், "இந்நேரத்தில் என்ன வேலை?" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவர்கள் இரவிலே வருவது புழு இரவிலே வருவதனால். பத்து நிமிடத்திலே விடை தரும் புதிய பரிசோதனைப் பட்டை இன்று உண்டு. அதற்கு இரவு வேண்டியதில்லை. ஆனால் அது வுச்சரேரியாவை மாத்திரமே காட்டும், புரூகியாவைக் காட்டாது. ஆகையால் இரவிலெடுக்கும் ஒரு துளி இரத்தத்தின் தேவை இன்னும் நீங்கவில்லை. நீங்கள் கதவைத் திறந்தால் உங்கள் அயலவரும் திறப்பர்.

தாய்மார்களுக்கு ஒன்று. வீட்டிலே எவருக்கேனும் கால் வீங்கியிருந்தால் மறைக்காதீர்கள். வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். வீங்கிய காலை நாள்தோறும் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, விரலிடுக்கிலும் மடிப்பிலும் ஈரமில்லாது ஒற்றி உலர்த்தி, புண் வெடிப்புக்கு மருந்திட்டு, இருக்கும்போதும் படுக்கும்போதும் காலைச் சற்றே உயர்த்தி வைத்து, செருப்பணிந்து நடந்தால், அடிக்கடி வரும் காய்ச்சலும் நோவும் பெரிதும் குறையும். அக்காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் வெடிப்பினூடாகப் புகும் வேறு கிருமிகளே. விதை வீக்கத்தைச் சத்திர சிகிச்சையினாற் குணப்படுத்தலாம். இவற்றிலே வெட்கப்பட ஒன்றுமில்லை.

இளைஞர்களிலே ஒருவர், "கொல்லாமையைப் போற்றும் நாம் நுளம்பைக் கொல்லலாமா?" என்று என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. நான் சொன்ன விடை இது: பிறந்த நுளம்பைத் துரத்தித் துரத்திக் கொல்வதைக் காட்டிலும், அது பிறக்க இடமில்லாமற் செய்வது மேல். சைவர்களாகிய நாம் இறைவனிடம் வேண்டுவது பிறவாமை அன்றோ? அந்தப் பேற்றை நுளம்புக்கும் அருளுவோம்! குழியை மூடுவதும், கிணற்றுக்கு வலையிடுவதும், குளத்துச் செடியை இழுத்துக் கரையிலே போடுவதும் எந்த உயிருக்கும் செய்யும் கொடுமையல்ல. வாரத்திலே ஒரு நாள், சரியைத் தொண்டாகக் கோயில் வீதியைக் கூட்டும் கைகள் அவ்வழியே ஊரின் வாய்க்காலையும் பார்க்கட்டும். அயலிலுள்ள பள்ளிவாசல் இளைஞரும் நம்மோடு சேர்வர். நுளம்பு கோயில் வளவென்றும் பள்ளிவாசல் வளவென்றும் பார்ப்பதில்லை.

கடைசியாக, படிக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. விஞ்ஞானம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது என்று எண்ணாதீர்கள். நான் படித்தது மிசன் பாடசாலையிலே. அங்கேதான் அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்ரர் சாமுவேல் கிறீன் அவர்களைப் பற்றி முதலிற் கேட்டேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களைத் தமிழிலே ஆக்கியவர் அவர். வேற்று நாட்டவர் ஒருவர் அன்று நம் மொழியிலே செய்ததை, நாம் இன்று நம் மொழியிலே தொடர்வதற்குத் தடை என்ன? நம்மவர் இத்துறையிலே பின்தங்கியவரும் அல்லர். 1961ஆம் ஆண்டிலே இலங்கை முயலின் உடலிற் புரூகியாவின் புதிய இனமொன்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர்கள் திசாநாயக்கா, பரமானந்தன் என்னும் இருவர். ஒரு சிங்களப் பெயரும் ஒரு தமிழ்ப் பெயரும் ஒரே கட்டுரையின் தலைப்பிலே நிற்கின்றன. நுணுக்குக்காட்டியின் முன்னே அமர்ந்தவர்கள் பார்த்தது புழுவின் வாலை. ஒருவர் மற்றவரின் பிறப்பையல்ல.

நோய் நிறைந்திருந்த காலத்திலே அதைக் காண எவராலும் முடியும். வீதியிலே நடந்தாலே போதும். நோய் அருகிப் போன காலத்திலேதான் பயின்ற கண் வேண்டும். அந்தக் காலம் இது. வேலை குறைந்துவிட்டது என்று இளைஞர் இத்துறைக்கு வராதுவிட்டால், நாளை நாட்டின் "இல்லை" என்ற சொல் விடையாக இராது, ஆசையாகிவிடும். ஆகையால் உங்களிலே இரண்டொருவரேனும் விலங்கியலையோ மருத்துவ ஆய்வுகூடத் தொழிலையோ பொதுச் சுகாதாரத்தையோ கற்க முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்; அதுவும் அதே தொண்டுதான்.

 எல்லாம் வல்ல கோணேசப் பெருமான் அருளால் எல்லோரும் நோயற்ற வாழ்வு வாழ்வோமாக.